தங்கக் காலர் வைத்த பச்சைச் சட்டை

இரண்டு விஷயங்களில் நான் ஒருபோதும் தவறியதில்லை. ஒன்று எண்ணிக்கை. மற்றொன்று, எந்த விசேஷத்துக்கு எந்த நிறம் என்பது. என் மகளின் கல்யாணத்தன்று இந்த இரண்டிலும் ஒரே நாளில் கோட்டைவிட்டேன் என்று என் குடும்பம் சொல்லித் திரிகிறது. பிறந்தநாள், தீபாவளி, புதுவீடு புகுதல், எங்கே நாலு பேர் கூடினாலும் யாராவது ஒருவர், "மாமா சட்டை எடுத்த கதை தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். என் தரப்பு என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக இல்லை. கணக்கைச் சரி செய்வதற்காக.

நான் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக வேலை பார்த்தவன். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டை, பெட்டி, பீப்பாய் எல்லாவற்றையும் நின்ற இடத்தில் நின்று எண்ணிச் சொல்வது என் வேலை. ஓய்வு பெற்றேன், பழக்கம் ஓய்வு பெறவில்லை. எம்ஆர்டி ரயிலில் ஏறினால் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எத்தனை பேர் தூங்குவதுபோல நடிக்கிறார்கள் என்று எண்ணுவேன். ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் எந்த மாடியில் எத்தனை வீட்டில் துணி காய்கிறது என்பது எனக்குத் தெரியும். (என் மனைவி சரோஜா ஒருமுறை, "என்னையும் எண்ணிப் பாத்துக்கங்க, ஒண்ணு குறையப்போகுது" என்றாள்.) எனக்கு எண்ணத் தேவையே இல்லாத ஒரே ஒரு கணக்கு உண்டு. மகள். ஒரே மகள். வினோதினி.

தனக்கு ஒரு பையனைப் பிடித்திருப்பதாகச் சொன்னாள். பெயர் ரூபன். தமிழ்ப் பையன், நல்ல வேலை, மரியாதை தெரிந்தவன். குறை ஒன்றுதான். நியூசிலாந்து. ஆக்லாந்தில் வளர்ந்தவன், இங்கே இரண்டு வருட வேலைக்கு வந்தவன், கல்யாணம் ஆனதும் திரும்பிப் போகிறவன். நமக்கு விடிவதற்கு நான்கு மணி நேரம் முன்னாலேயே விடிந்துவிடுகிற ஊர் அது. அங்கே ஒரு துன்பம் வந்தால் நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

பையனின் அப்பா தேவராஜ் ஒரு காலத்தில் நம் ஆள்தான். இங்கே சிராங்கூனில் பிறந்து வளர்ந்து, முப்பது வருடத்துக்கு முன் அங்கே குடியேறியவர். குடியேறியவர்களுக்கே உரிய வேகத்தில் அந்த ஊர்க்காரர்களைவிட அந்த ஊர்க்காரராக ஆகிவிட்டார். முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, காப்பியைக் கையில் வாங்கும் முன்பே கேட்டார்:

"சம்மந்தி, நீங்க ரக்பி பாப்பீங்களா?"

"இல்லைங்க. எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு."

அவர் விடவில்லை. உரிக்காத தேங்காய் மாதிரி ஒரு பந்து. பதினைந்து பேருக்கு எதிராகப் பதினைந்து பேர். பந்தை வைத்துக்கொண்டு முன்னால் ஓட வேண்டும், ஆனால் கையால் எறிவதென்றால் பின்னால்தான் எறிய வேண்டும். (சரக்கை இப்படி இறக்கியிருந்தால் எங்கள் துறைமுகத்தை என்றோ மூடியிருப்பார்கள்.) அவர்களுடைய நாட்டு அணி கறுப்புச் சட்டை போடுமாம். அந்தச் சட்டையைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தழுதழுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பேட்டையில் பிள்ளைகளுக்கு ரக்பி சொல்லிக்கொடுக்கும் மன்றத்தில் அவர்தான் செயலாளர். எங்கள் வரவேற்பறையில் எனக்கு ரக்பி விளக்கியபோது இரண்டு மெத்தைகளையும் ஒரு பூச்சாடியையும் பயன்படுத்தினார். பூச்சாடி பிழைத்தது.

நிச்சயதார்த்தத்தன்று நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். "கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு ரெண்டு வருஷம் இங்கேயே இருக்கட்டுமே" என்று கேட்டேன். தேவராஜ், "பையன் ஊருக்கு வரட்டும் லா, அங்க வீடு இருக்கு, தோட்டம் இருக்கு" என்றார். "என் மகளை அவ்வளவு தூரம் அனுப்ப எனக்கு மனசில்லை" என்றேன், நாற்பத்தாறு பேர் முன்னிலையில்.

அன்று சாயங்காலம் வினோதினி என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"அப்பா, நான் அந்த வீட்டுலதான் போய் இருக்கணும். உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"அதுதான் எனக்குக் கவலையே."

"அப்ப அவங்ககிட்ட சண்டை போடாதீங்க. கல்யாணம் முடியற வரைக்கும். ப்ளீஸ்பா. என்னைப் பாக்கறப்ப உங்க ஞாபகம் வந்து அவங்க மூஞ்சி சுளிக்கக் கூடாது."

சரி என்றேன். வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் பின்னால் நடந்த எல்லாவற்றையும் செய்தேன் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் செய்தி வந்தது. மாப்பிள்ளையோடு வருகிற ஆண்கள் பதினெட்டு பேரும் (அப்பா, சித்தப்பாமார், பெரியப்பா பிள்ளைகள், சிநேகிதர்கள்) ஒரே மாதிரி உடை போட்டுக்கொண்டு வருவார்களாம். கறுப்புச் சட்டை. நெஞ்சில் வெள்ளி நிறத்தில் ஓர் இலை.

முகூர்த்தத்தில் கறுப்பு. பதினெட்டு கறுப்பு.

உடனே ஆக்லாந்துக்கு ஃபோன் போட்டேன். சண்டை போடக் கூடாது என்பதால் மெதுவாகத்தான் பேசினேன்.

"சம்மந்தி, தாலி கட்டுற இடத்துல கறுப்பு ஆகாது."

"எங்க ஊர்ல கறுப்புதான் மரியாதை."

"உங்க ஊர் சிராங்கூன்."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.

"சரி சம்மந்தி. கறுப்பு வேண்டாம். மாப்பிள்ளை வீட்டுக்குத் துணி எடுத்து வைக்கிறது உங்க முறைதானே? நீங்களே எடுங்க. தட்டுல எதை வச்சுக் கொடுக்கறீங்களோ அதைப் போட்டுக்கிட்டு வர்றோம். வாக்கு."

பெருந்தன்மையான மனிதர். அதை நான் அன்றும் ஒப்புக்கொண்டேன், இன்றும் ஒப்புக்கொள்கிறேன். தட்டில் வைத்து நீட்டிய துணியை உடுத்தாமல் திருப்பிக் கொடுப்பது பெண் வீட்டாரின் முகத்தில் அடிப்பதற்குச் சமம். அது அவருக்கும் தெரியும். முப்பது வருடம் அங்கே இருந்தும் இதை மறக்கவில்லையே என்று மனம் குளிர்ந்தது.

வினோதினிக்கு மட்டும் நிம்மதியில்லை.

"வெள்ளை எடுங்கப்பா. வெறும் வெள்ளை. உங்க யோசனை எதையும் அதுல சேர்க்காதீங்க."

யோசித்துப் பார்த்தேன். பதினெட்டு ஆண்கள் தலை முதல் கால் வரை வெள்ளையில் வரிசையாக வந்தால் அது கல்யாண ஊர்வலம் மாதிரியா இருக்கும்? வேறு ஊர்வலம் மாதிரி இருக்கும். எனவே தேக்கா கடைத்தெருவுக்குப் போனேன்.

சிராங்கூன் சாலையில் எனக்குப் பல வருடப் பழக்கமான துணிக்கடை ஒன்று உண்டு. கடைக்காரர் நாகூர்ப் பக்கத்துப் பாய். எனக்கு என்ன வேண்டும் என்பதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. பச்சை. முற்றிய வெற்றிலையின் பச்சை. அதோடு மஞ்சள். வெறும் மஞ்சள் இல்லை, தங்கம் கலந்த மஞ்சள். வெற்றிலையும் மஞ்சளும் இல்லாமல் ஒரு நல்ல காரியம் உண்டா? பந்தலில் வாழை, கழுத்தில் தாலிக் கயிறு. பச்சை, மஞ்சள். இதைவிட மங்களமான சேர்க்கை இருந்தால் யாராவது எனக்கு எழுதட்டும்.

"பாய், சட்டை பூரா பச்சை. காலர் மட்டும் தங்கம்."

பாய் துணியை விரித்துவிட்டு என்னைப் பார்த்தார். "டீமுக்காண்ணே?"

"ஆமா. மாப்பிள்ளை டீமுக்கு."

"மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?"

"நியூசிலாந்து."

பாயின் கையிலிருந்த அளவு நாடா ஒரு கணம் நின்றது. பிறகு, "ரொம்பப் பொருத்தமா இருக்கும்ணே" என்றார். (பாய் வீட்டில் சனிக்கிழமை தவறாமல் ரக்பி பார்ப்பார்கள் என்பதும், அன்று நான் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார் என்பதும் ஒரு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. இன்னும் அதே கடைக்குத்தான் போகிறேன். ஆனால் தீபாவளிக்கு முன்புபோல் அதிக நேரம் உட்கார்ந்து பேசுவதில்லை.)

எத்தனை சட்டை? மாப்பிள்ளையோடு வருகிறவர்கள் பதினெட்டு. முகூர்த்தம் முடிந்ததும் போட்டுக்கொள்ள ரூபனுக்கு ஒன்று. பெண்ணின் தகப்பன் நான், எனக்கும் ஒன்று. மொத்தம் இருபது. இரட்டைப்படை கூடாது, கூடுதலாக ஒன்று. இருபத்தொன்று. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை.

ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் வெள்ளை என்பார்கள்.

ஆவணி மாதத்துச் சனிக்கிழமை. தேக்காவில் ஒரு கோயில் மண்டபம். மாப்பிள்ளை அழைப்பு. பதினொரு தட்டுகள், அதில் மூன்று சட்டைத் தட்டுகள், தட்டுக்கு ஆறு. தேவராஜ் மாலையும் சந்தனமுமாக நின்று சிரித்துக்கொண்டே முதல் தட்டை வாங்கி, மேலே மூடியிருந்த துணியை விலக்கினார்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. போகவில்லை, நின்றது. பக்கத்திலிருந்த பதினேழு தலைகளும் தட்டுக்கு மேலே குனிந்தன. இளைஞன் ஒருவன் ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சொல் சொன்னான். கோயில் வாசலில் சொல்லக்கூடிய சொல் இல்லை. ரூபன் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு கோபுரத்தை அண்ணாந்து பார்த்தான். பக்தியான பையன் என்று நினைத்தேன்.

"சம்மந்தி," என்றார் தேவராஜ் மெல்ல. "இந்தக் கலர் நீங்களே தேர்ந்தெடுத்ததா?"

"நானேதான்."

"காலரும்?"

"காலரைத் தனியா சொல்லித் தைக்க வச்சேன்."

"தனியா சொல்லி," என்று அவர் திரும்பச் சொன்னார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் உடை மாற்றும் அறைக்குள் போய் வெகுநேரம் கதவைத் திறக்கவில்லை. உள்ளே ஏதோ காரசாரமான பேச்சு. பிறகு வந்தார்கள். எண்ணினேன். பதினெட்டு பச்சை, பதினெட்டு தங்கக் காலர். எல்லாரும் காலையில் பார்த்ததைவிடக் கொஞ்சம் பருத்துத் தெரிந்தார்கள். வியர்வை வழிந்தது. குளிர் நாட்டிலிருந்து வந்தவர்கள், நம் ஊர் வெக்கை தாங்கவில்லை என்று மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னேன். நான் அப்படிப்பட்டவன்.

ரூபன் தாலி கட்டினான். கெட்டிமேளத்தில் நான் எதையும் எண்ணவில்லை. கண் சரியாகத் தெரியவில்லை.

சாப்பாடு பக்கத்துத் தெருவில் ஒரு வாழையிலை உணவகத்தின் மாடியில். பாயசம் வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்போதுதான் வினோதினியின் மேலாளர் யோஹான் படியேறி வந்தார். ஆறரை அடி உயரம், கதவு அகலம். தென்னாப்பிரிக்காக்காரர், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே தனியாக இருக்கிறவர். கையில் பரிசுப் பொட்டலத்தோடு மாடிக்கு வந்தவர், நீளமான மேசையில் வரிசையாக உட்கார்ந்திருந்த பதினெட்டு பச்சைச் சட்டைகளைப் பார்த்தார். பொட்டலத்தைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

ஒவ்வொருவராக எழுப்பிக் கட்டிப்பிடித்தார். தேவராஜை மட்டும் தரையிலிருந்து சற்றுத் தூக்கியே கட்டிப்பிடித்தார். "இந்த ஊரில் இத்தனை பேர் நம் ஆட்கள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே" என்று ஆங்கிலத்தில் உருகினார். விருந்துக்கு வந்த மனிதரிடம் என்ன சொல்வது? யோஹான் கைப்பேசியை எடுத்து, தேவராஜின் தோளில் கைபோட்டு ஒரு படம் எடுத்தார். அதை அங்கேயே, அப்போதே, உலகத்துக்கு அனுப்பிவைத்தார்.

பாயசத்தில் முந்திரி தேடிக்கொண்டிருந்தேன். தேவராஜின் ஃபோன் அடித்தது. எடுத்துப் பேசினார், முகம் சிவந்தது. வைத்தார். மீண்டும் அடித்தது. ஆறாவது அழைப்புக்குப் பிறகு எழுந்து வந்து, கை கழுவுகிற இடத்தில் என்னை மடக்கினார்.

"எங்க மன்றத்துத் தலைவர் பேசினாரு. பதினஞ்சு வருஷமா பழக்கம். 'டேவ், உனக்கு அங்க ஏதாவது ஆபத்தா'ன்னு கேக்கறாரு."

"எதுக்கு ஆபத்து?"

"இன்னிக்கு மூணு மணிக்கு மேட்ச். யாரோட தெரியுமா?"

"தெரியாது."

"தென்னாப்பிரிக்காவோட. எங்களுக்கு அவங்கதான் எதிரி. மத்தவங்ககிட்ட தோத்தா அன்னிக்கு மட்டும்தான் சோறு இறங்காது. இவங்ககிட்ட தோத்தா வாரம் பூரா இறங்காது. அவங்க சட்டை என்ன கலர்னு பாருங்க."

கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஒரு முரட்டு ஆள், பந்தோடு ஓடிக்கொண்டிருந்தான். முற்றிய வெற்றிலைப் பச்சை. காலர் மட்டும் தங்கம்.

கூர்ந்து பார்த்தேன். "காலர் நம்மளோடதுதான் நல்லா இருக்கு" என்றேன்.

அந்த இடத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சரோஜா இன்றும் சொல்கிறாள். ஆனால் அது உண்மை.

"தெரிஞ்சுதானே செஞ்சீங்க?" தேவராஜின் குரல் உயர்ந்தது. "மகளை அனுப்ப மனசில்லைன்னு அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இன்னிக்குப் பழி வாங்கிட்டீங்க."

"பழி வாங்கறவன் மெனக்கெட்டுக் காலர் வச்சுத் தைப்பானா?"

"அதான் சொல்றேன், காலர்கூட வச்சிருக்கீங்க. வெள்ளை எடுத்திருக்கலாம்ல?"

"வெள்ளை உங்களுக்குச் சம்மதமா?"

அவர் தயங்கினார். "அது இங்கிலாந்து."

"நீலம்?"

"பிரான்ஸ்."

"சிவப்பு?"

"வேல்ஸ்... ஆனா இது வேற, சம்மந்தி."

"வெறும் மஞ்சள் எடுத்திருந்தா?"

"ஆஸ்திரேலியா. ஐயோ, அது இன்னும்..."

"உலகத்துல இருக்கற கலர் எல்லாம் உங்களுக்கு எதிரின்னா அதுக்கு நான் என்ன செய்யறது?" என்றேன். இந்தக் கேள்விக்கு இதுவரை எனக்குப் பதில் வரவில்லை.

எங்கள் இரண்டு பேர் குரலும் மேசைவரை கேட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தேன். வினோதினி மாலையோடு நின்றுகொண்டிருந்தாள். கோபப்படவில்லை, அழவில்லை. சமையலறையில் நான் சரி என்று சொன்னபோது பார்த்தாளே, அதே மாதிரி பார்த்தாள். கழுத்தில் தாலி ஏறி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த மனிதரின் வீட்டுக்குத்தான் அவள் போக வேண்டும்.

"மன்னிப்புக் கேக்க மாட்டேன்," என்றேன் தேவராஜிடம். "ஆனா இனிமே இன்னிக்கு வாயைத் திறக்க மாட்டேன்."

போய் மூலையில் உட்கார்ந்துகொண்டேன்.

விருந்தினர் போய்விட்டார்கள். இரு வீட்டாரும் யோஹானும் மட்டும் மிச்சம். மணமக்களின் சிறுவயதுப் படங்களைக் காட்ட நான் ஏற்பாடு செய்திருந்த திரையில், மாப்பிள்ளைப் பையன்களில் ஒருவன் தன் லாப்டாப்பை இணைத்தான். என் மகள் மூன்று வயதில் பல்லாங்குழியோடு உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு புல்வெளி வந்தது.

ஆட்டத்துக்கு முன்னால் அவர்கள் அணி வரிசையாக நின்று தொடையில் தட்டி, கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி முழங்குகிற மரபு ஒன்று உண்டு. மாவோரி மக்களுடையது, ஹாகா என்று பெயர். அங்கே பள்ளிக்கூடத்திலேயே முறையாகச் சொல்லிக்கொடுப்பார்களாம். அங்கே அணி தொடங்கியதும் இங்கே பதினெட்டு பேரும் எழுந்தார்கள். எதிரியின் சட்டையில் நின்றுகொண்டு, தரை அதிர முழங்கினார்கள். தேவராஜ் எல்லாருக்கும் முன்னால். கண் சிவந்து, நரம்பு புடைத்து, அத்தனை கோபத்தையும் அதில் கொட்டினார்.

என் அக்காவுக்கு எழுபத்தெட்டு வயது. சாமி வந்தவர்களை நிறையப் பார்த்தவள். கைப்பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேராக நடந்து போனாள். நான் எழுந்து தடுத்திருக்கலாம். ஆனால் வாயைத் திறப்பதில்லை என்று சொல்லியிருந்தேனே.

நாக்கை நீட்டியிருந்த சம்மந்தியின் நெற்றியில் அக்கா மூன்று விரலால் அழுத்திப் பூசினாள். பிறகு மிகுந்த பணிவோடு கேட்டாள்:

"அம்மா, தாயே, யாரு வந்திருக்கறது? என்ன குறை வச்சோம்?"

யோஹான் கைதட்டினார். அதுவும் கல்யாணச் சடங்கு என்று நினைத்துக்கொண்டார்.

முதல் பாதி முடிந்தபோது கறுப்புச் சட்டை பத்துப் புள்ளி பின்தங்கியிருந்தது. விபூதியோடு உட்கார்ந்திருந்த தேவராஜ் எழுந்தார்.

"போதும். இதைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா ஜெயிக்க முடியாது. கழட்டுங்கடா."

பதினெட்டு பேரும் பொத்தானைக் கழற்றினார்கள். பச்சை விலகியது. உள்ளே கறுப்பு. நெஞ்சில் வெள்ளி இலை. ஒவ்வொருவர் உள்ளேயும்.

அதனால்தான் பருத்துத் தெரிந்தார்கள். அதனால்தான் வியர்வை. என் மகள் கழுத்தில் தாலி ஏறும்போது மணமேடையைச் சுற்றிப் பதினெட்டு கறுப்பு நின்றிருக்கிறது. நான் மின்விசிறி வேறு போட்டிருக்கிறேன்.

"முகூர்த்தத்துல கறுப்பா?" என்றேன். வாக்கு போயிற்று, போகட்டும்.

"தட்டுல வச்சதைப் போட்டோமா இல்லையா?" என்றார் தேவராஜ். "உள்ள என்ன போடணும்னு நீங்க சொல்லல. எப்பக் கழட்டணும்னும் சொல்லல."

வாதத்தில் நான் தோற்றது அந்த நாளில் அந்த ஒரு தடவைதான்.

"ரூபன், நீயும் கழட்டு."

மாப்பிள்ளை வினோதினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தாலி கட்டிய பிறகு பட்டுச் சட்டையை மாற்றிவிட்டு நான் கொடுத்த சட்டையைப் போட்டிருந்தான். அவன் எழுந்திருக்கவில்லை.

"வேண்டாம்பா."

"பத்துப் பாயின்ட் பின்னாடி இருக்கோம்டா."

"தெரியும். மாமா எடுத்துக் குடுத்தது. கழட்ட மாட்டேன்."

"மேட்ச் போயிடும்."

"போகட்டும்."

பதினெட்டு கறுப்புச் சட்டைகளும் அவனைத் திரும்பிப் பார்த்தன. அந்தக் குடும்பத்தில் அந்தச் சொல்லை அதற்கு முன் யாரும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். அவன் சிறுவயது முதல் அழுது சிரித்து வளர்ந்த அணி. அப்பா முன்னால் நிற்கிறார். அவன் அந்தத் தங்கக் காலரை ஒரு தரம் சரிசெய்துகொண்டு, வினோதினி கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தான்.

எத்தனை மாதங்களாக அந்த வீட்டைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பேன். எத்தனை பேர், என்ன குணம், யார் இவள் பக்கம் பேசுவார்கள் என்று எத்தனை தடவை கூட்டிக் கழித்திருப்பேன். அந்தக் கணக்கு அந்த நிமிடத்தில் முடிந்தது. ஒருவன் போதும்.

இரண்டாம் பாதியில் திரையில் கறுப்புச் சட்டைக்காரர்கள் விரட்டினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்தார்கள். கடைசி உதை கம்பத்துக்கு வெளியே போனது. ஒரே ஒரு புள்ளியில் தோல்வி.

யோஹான் மேசையின் மேல் தலைவைத்து ஆனந்தத்தில் அழுதார். தேவராஜ் என் முன்னால் வந்து நின்றார். நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்திருந்தது.

"பத்தொன்பது சட்டை, சம்மந்தி. ஒண்ணைத்தான் கழட்டல. ஒரு பாயின்ட்ல போச்சு."

"கணக்குச் சரியாத்தான் வருது," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் கையை நீட்டினார். ஆட்டம் முடிந்தால் எதிரியின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டுமாம், அது அவர்களுடைய விதி. குலுக்கினேன். பிடி பலமாக இருந்தது. நானும் விடவில்லை.

எல்லாரும் கிளம்பிய பிறகு, நாற்காலிகளில் கிடந்த சட்டைகளைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கினேன். பதினெட்டு. ரூபன் மேல் ஒன்று, என் மேல் ஒன்று. இருபது. கூடுதலாகத் தைத்தது பெட்டியின் அடியில் இருக்க வேண்டும். இல்லை. மேசைக்கடியில் தேடினேன், உணவகத்துக் குளிர்பெட்டிக்குப் பின்னால்கூடப் பார்த்தேன்.

"தச்சதே இருபதுதான் போல, வாங்க," என்றாள் சரோஜா.

அன்றிலிருந்து அதுவும் கதையில் சேர்ந்துவிட்டது. கப்பல் கப்பலாக எண்ணியவர் சொந்த மகள் கல்யாணத்தில் இருபது சட்டையை எண்ணத் தெரியாமல் இருபத்தொன்று என்கிறார் என்று. இருபத்தொன்றுதான் தைத்தேன் என்று பாய் சாட்சி சொன்னார். பாய் பேச்சை யார் நம்புகிறார்கள்? சிலர் யோஹானைச் சந்தேகிக்கிறார்கள். அந்தச் சட்டைக்குள் யோஹானின் ஒரு கைதான் நுழையும்.

பதினெட்டையும் எங்கள் புளோக்கின் கீழே காலையில் உடற்பயிற்சி செய்கிற முதியோருக்குக் கொடுத்துவிட்டேன். இப்போதும் ஈசூனில் ஏழு மணிக்கு வந்தால், தென்னாப்பிரிக்க அணி முழங்கால் வலியோடு கையை நீட்டி மடக்குவதைப் பார்க்கலாம்.

ரூபனின் சட்டை, அவன் ஊருக்குக் கிளம்பும்போது விட்டுப்போனது, எங்கள் அலமாரியில் இருக்கிறது. என் சட்டையும் என்னிடம்தான் இருக்கிறது. அந்த இரண்டு நாடுகளும் மோதுகிற நாளில் அதைப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்காருவேன். ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் ஆக்லாந்திலிருந்து வீடியோ அழைப்பு வரும். மற்ற நாட்களில் அவர்களுக்கு வேலை இருக்கும், குழந்தை தூங்கியிருக்கும், நேரம் ஒத்துவராது. இந்த நாளில் மட்டும் தவறவே தவறாது. திரை முழுக்க சம்மந்தியின் முகம்.

"கழட்டுங்க சம்மந்தி. கெஞ்சிக் கேக்கறேன்."

"மாட்டேன்."

"போன தடவையும் நீங்க போட்டீங்க, போச்சு."

"என் சட்டைக்கு அவ்வளவு சக்தி இருந்தா உங்க ஆளுங்களுக்கு எதுக்குப் பயிற்சி?"

அவர் பின்னால் அந்த வீடு தெரியும். பேத்தி ஓடுவாள். வினோதினி ஒரு தட்டோடு குறுக்கே போவாள். சரோஜா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பாள். "போனாப் போகுது, கழட்டிடுங்களேன்" என்று அவள் இதுவரை சொன்னதில்லை.

சம்மந்தி தமிழ் பேசுவார், படிக்க மாட்டார். அந்தத் தைரியத்தில்தான் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

கடைசியாக மோதியது போன மாதம். அங்கே குளிர்காலம். சம்மந்தி எனக்குப் புத்தி வரட்டும் என்று கைப்பேசியைக் கூடம் முழுக்கச் சுற்றிக் காட்டினார்.

"பாருங்க. இங்க எத்தனை பேர், எல்லாரும் என்ன போட்டிருக்கோம், நல்லா எண்ணிக்குங்க. நீங்கதான் எண்ணறதுல பெரிய ஆளாச்சே."

சம்மந்தியம்மா, கறுப்பு. சம்மந்தியின் தம்பி, கறுப்பு. ரூபன்கூடக் கறுப்பு. (அவன் சொல்லிவிட்டுத்தான் போட்டான். "மாமா, வருஷம் பூரா இங்க வாழணும்" என்றான். அனுமதித்தேன்.) பேத்திக்குக்கூட ஒரு குட்டிக் கறுப்பு. கடைசியில், சன்னலோரம், கழுத்துவரை இழுத்து மூடிய தடித்த ஜாக்கெட்டில் வினோதினி. அதுவும் கறுப்பு.

கைப்பேசி அவள் முன்னால் வந்து நின்றது. அவள் யாரையும் பார்க்கவில்லை. ஏதோ உறுத்துவதுபோல ஜாக்கெட்டின் ஜிப்பை இரண்டு விரல்கடை கீழே இறக்கினாள். ஒரு கணம்தான். மீண்டும் ஏற்றிவிட்டாள்.

தங்கக் காலர். என் காலர். தனியாகச் சொல்லித் தைத்தது.

சம்மந்தியின் முகம் திரும்பத் திரைக்கு வந்தது.

"எண்ணிட்டீங்களா?"

"எண்ணிட்டேன்."

"எத்தனை?"

"இருபத்தொண்ணு," என்றேன்.